மகளுக்காக வார்த்த ஈயம்

மழை நாளில் நான் ஈயம் வார்ப்பதில்லை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சட்டி தன் வாயில் இருப்பதையெல்லாம் முகத்தில் துப்பிவிடும். எங்கள் மலைப்பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த வேலைக்கு முதலில் வேண்டியது பொறுமை. எனக்குப் பொறுமை உண்டு. நேற்றிலிருந்து என்னோடு உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பெயர் ஆர்வல் ஸ்டிக்லி என்று எழுதிக்கொண்டீர்கள். லாரல் ஃபோர்க் பக்கம், இரண்டு மலைகளுக்கு நடுவே வீடு. போக ஒரு வழி, வர அதே வழி. டயர் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சக்கரம் ஆடாமல் ஓட வேண்டும் என்று அதன் விளிம்பில் சின்னச் சின்ன ஈயத்துண்டுகளை மாட்டுவோம். கழற்றிய பழைய துண்டுகளை யாரும் கேட்க மாட்டார்கள். நான் வாளி வாளியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கொட்டகையில் உருக்கி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக் குண்டு செய்வேன். எங்கள் ஊரில் சிலர் தேனீ வளர்ப்பார்கள். எனக்கு இது.

இப்போது உங்கள் மேசையில் பைக்குள் கிடக்கும் ரிவால்வர் என் மாமனாருடையது. சுரங்கத்தில் காவலாளியாக இருந்தவர். கோட்டுப் பைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கி, ஐந்து தோட்டா பிடிக்கும், குழல் கட்டைவிரல் நீளம்தான். அவரிடமிருந்து என் மனைவி வீடாவுக்கு வந்தது. அவள் இறந்த பிறகு எங்கள் ஒரே மகள் ரொவீனாவுக்கு.

பழைய துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. இன்று கடையில் விற்கிற காரமான தோட்டாக்களை அதில் போட்டுச் சுட்டால் நாளடைவில் இரும்பு தளர்ந்துபோகும். மென்மையான ஈயக்குண்டு, அளவான வெடிமருந்து, அப்படிக் கையால் செய்து கொடுத்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். இதை ரொவீனாவிடம் அவள் துப்பாக்கி பிடிக்கத் தொடங்கிய நாளிலேயே சொல்லிவிட்டேன். கடைத்தோட்டாவை இதில் போடாதே, கையிலேயே வெடிக்கும் என்று. கையிலேயே வெடிக்கும் என்பது கொஞ்சம் கூடுதல்தான். கடையிலேயே மென்மையான ரகமும் கிடைக்கும், அதுவும் உண்மை. பிள்ளைகளிடம் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

ரொவீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெண்டலைக் கட்டிக்கொண்டு போனவள், ஒரு குளிர்காலத்தில் தோளின் காறையெலும்பு உடைந்து என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. நான் அவளுடைய பழைய அறையைத் துடைத்துக் கொடுத்தேன். அவளுடைய கார் பழுதாகி என் கொட்டகைக்கு முன்னால் கட்டைமேல் ஏறி நின்றது. எங்கள் பக்கத்தில் உதிரிப் பாகங்கள் சீக்கிரம் வந்து சேராது. வந்தவற்றையும் நான் அவசரப்பட்டு மாட்டவில்லை. அவசரமாகப் போக அவளுக்கு எந்த இடமும் இல்லையே.

அந்த நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சனிக்கிழமை வெயில் அடித்தால் கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து வைத்து ஈயம் வார்ப்போம். நான் ஊற்றுவேன். அவள் ஆறிய குண்டுகளைத் துணியில் உருட்டி, பழுதானவற்றைப் பொறுக்கி எடுப்பாள். மதியத்துக்குப் பீன்ஸும் சோளரொட்டியும். வாய் மட்டும் ஓயாது அவளுக்கு.

"அப்பா, இதுல பாதி கோணலா இருக்கு. உருட்டி விட்டா உன் லாரி மாதிரி ஒரு பக்கமா இழுக்குது."

"கோணலா இருந்தா மறுபடி சட்டிக்குள்ள போட்டுக்கலாம். உன் சோளரொட்டிக்குத்தான் அந்த வசதி இல்ல."

"அந்த ரொட்டியில நாலு துண்ட முழுங்கினது யாராம்?"

"வேற என்ன பண்றது? நாய்க்குப் போட்டேன், அது மொறச்சுது."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் ஒரு நாள், எல்கின்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். எங்களிடமிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். ஒரு லாண்டரிக்கு மேல் மாடியில் அறை பார்த்துவிட்டாளாம். காரை அவளே யாரையோ கூட்டிவந்து சரி செய்துகொண்டாள். அந்தப் பையனுக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

நான் தடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவே இல்லை. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து நானே அவள் கையில் கொடுத்தேன். தகரத்தில் சுட்டுப் பழகச் சொன்னேன். பழகப் பழகத் தோட்டா தீரும், தீர்ந்தால் என்னிடம்தான் வர வேண்டும். அப்படித்தான் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தாள். ஒரு முறை எல்கின்ஸ் கடைக்காரன் ஏதோ சொல்லியிருக்கிறான்.

"அப்பா, கடையிலயே மெதுவான ரகம் இருக்காம். இந்தத் துப்பாக்கிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவர் சொல்றாரு."

"விக்கிறவன் வேற என்னம்மா சொல்லுவான்? வெடிச்சா போறது அவன் விரலா, உன் விரலா?"

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது நீங்கள் நேற்றிலிருந்து கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை அவள் ஆப்பிள் பை பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தாள். கடையில் வாங்கியது. அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"அப்பா, இந்தத் தடவை கொஞ்சம் நெறையப் பண்ணிக் குடுத்துடு. அடுத்த மாசம் நான் வில்மிங்டன் போறேன். கூட வேல பாக்குற பொண்ணு ஒருத்தி அங்க வீடு எடுத்திருக்கா. கடல் பக்கம்."

"வில்மிங்டனா? அது வேற மாநிலமாச்சே."

"தெரியும்ப்பா. கெண்டலுக்கும் அது வேற மாநிலந்தான். அங்க போனா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"இங்க தூங்கலயா நீ?"

"தூங்கினேன். ஆனா எழுந்திருக்கவே விட மாட்டேங்கிற நீ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் என் தோளைத் தட்டினாள். "கிறிஸ்துமஸுக்கு வருவேன்ப்பா. மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு அன்று வருத்தம்தான். கோபம் இல்லை. கோபப்படுகிறவன் நான் இல்லை. அந்தப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வா, தயாராக இருக்கும் என்று சொல்லி, தோழி வீட்டுக்குப் போக வேண்டும் என்றவளை அனுப்பிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

நான் வேலை செய்யும் முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பித்தளைக் கூடுகளின் அடியில், துப்பாக்கியின் சுத்தி தட்டியதும் பொறி கிளப்புகிற சின்ன மூடியைப் பொருத்துவேன். துளையிட்ட ஒரு மரக்கட்டையில் கூடுகளை வாய் மேலே பார்க்க வரிசையாக நிறுத்துவேன். ஒவ்வொன்றிலும் மருந்து போடுவேன். போட்ட பிறகு, குண்டைச் செருகுவதற்கு முன்னால், கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கையால் தோட்டா செய்கிற எவனும் வாழ்நாளில் ஒரு முறையாவது ஒரு கூட்டுக்கு மருந்து போட மறந்திருப்பான். நான் மறந்ததில்லை, விளக்கு பிடித்துப் பார்க்காமல் ஒரு குண்டைக்கூடச் செருகியதும் இல்லை.

அவள் பழகுவதற்கான டப்பாவை முதலில் செய்தேன். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது, உங்கள் ஆய்வகமே சுட்டுப் பார்த்துவிட்டது. பிறகு துப்பாக்கிக்குள்ளேயே இருக்க வேண்டிய ஐந்தைத் தனியாகச் செய்தேன். அச்சிலிருந்து வந்தவற்றிலேயே அழகான ஐந்து குண்டுகளைப் பொறுக்கினேன். கூடுகளைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கட்டையில் நிறுத்தி, விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். ஐந்தும் சுத்தமாகக் காலியாக இருந்தன. குண்டைச் செருகினேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது நானே அவற்றைத் துப்பாக்கியில் போட்டுக் கொடுத்தேன். "இந்த அஞ்சத் தொடாத. பழகுறதுக்கு டப்பாவுல இருக்கு. இது நெஜமான தேவைக்கு" என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மருந்து இல்லாத தோட்டாவைச் சுட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அடியில் இருக்கும் பொறிக்குக் குண்டை முழுதாக வெளியே தள்ள வலு இல்லை. குண்டு பாதி குழலுக்குள்ளும் பாதி தோட்டாக்கள் நிற்கிற உருளைக்குள்ளுமாகச் சிக்கிக்கொள்ளும். அதன்பின் உருளை சுற்றாது. அடுத்ததைச் சுடவும் முடியாது.

ஏன் என்று கேட்டால், நேற்றே ஒரு காரணம் சொன்னேன். தனியாக இருக்கும் பெண், மனம் உடைந்தவள், ஒரு கெட்ட பொழுதில் துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அப்பன் பயப்படக் கூடாதா?

"அவங்க அப்படி எப்பவாவது பேசினாங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை. "அழுதாங்களா?" இல்லை. தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்புத்தான். பின்னால் அந்த வில்மிங்டன் தோழியின் சிரிப்பும் கேட்கும். சரி, அந்தக் காரணத்தை அடித்துவிடுங்கள்.

அவளுக்குத் தேவை ஒரு சின்னப் பயம். அவ்வளவுதான். தன்னால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று ஒரு முறை புரிந்துவிட்டால், வீட்டுக்கு வந்துவிடுவாள். குழந்தை அடுப்பைத் தொடப் போனால் ஒரு முறை சூட்டை உணரட்டும் என்று விடுவதில்லையா, அதுபோல. கெண்டலும் அப்படியொன்றும் பெரிய சண்டியர் இல்லை. கதவைத் தட்டுவான், கத்துவான், தட்டுமுட்டுச் சாமானை உடைப்பான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவன் கையில் துப்பாக்கி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். உத்தரவு போட்டபோதே நீதிமன்றம் வாங்கிக்கொண்டது.

கெண்டலை நான் சந்தித்ததும் உண்மைதான். தீவனக் கடையில், கோழித்தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில். அவன் தொப்பியைக் கழற்றினான், மரியாதை தெரிந்தவன் மாதிரி.

"ஆர்வல் மாமா, அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உனக்கு எதுக்கு அது?"

"மன்னிப்புக் கேக்கணும், வேற ஒண்ணுமில்ல. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"போய் உன் வேலையப் பாரு, கெண்டல்."

இதுதான் பேச்சு. கடைக்காரர் கேட்டதும் இதைத்தான். அவளுடைய முகவரியை நான் அவனிடம் சொல்லவில்லை. மூட்டை தூக்க வண்டி வரைக்கும் அவன் கூட வந்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். வயதானவனுக்கு மூட்டை தூக்க யாராவது கூட வருவது வழக்கம்.

நீங்கள் கேட்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் எல்கின்ஸில் இருந்தேன். கதவுக்குக் கீல் வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை மூடியிருக்கும் என்று நீங்கள் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. வண்டியை லாண்டரித் தெருவின் முனையில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி மடியில் இருந்தது. எதற்கும் அவள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவாள்.

கூப்பிடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கெண்டல் மாடியேறி உள்ளே வந்ததும் அவள் துப்பாக்கியை எடுத்திருக்கிறாள்.

அவள் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "நில்லு, சுட்டுருவேன்னு சொன்னேன். அவன் நெஜமாவே நின்னுட்டான். கையத் தூக்கிட்டான். அப்புறம் ஒரு அடி முன்னால வெச்சான். நான் சுட்டேன். டக்குன்னு ஒரு சத்தம். மறுபடி இழுத்தேன், நகரவே இல்ல. அவன் சிரிச்சான்."

கெண்டல் அந்தத் துப்பாக்கியை அவள் கையிலிருந்து பிடுங்கி, அதனாலேயே அடித்தான். மணிக்கட்டு உடைந்தது. இடது கண் போய்விட்டது. லாண்டரிக்காரம்மா இஸ்திரிப் பெட்டியோடு மாடியேறி அவன் முதுகில் வைத்திராவிட்டால் இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோ. ஆம்புலன்ஸுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "அப்பா வந்துட்டியா" என்றாள். கண்ணுக்குள் வைத்து வளர்த்த பிள்ளை. நான் அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை.

குழலில் சிக்கிய தோட்டாவை உங்கள் ஆட்கள் பிரித்தபோது மருந்தே இல்லை என்று தெரிந்தது. நீங்கள் மருத்துவமனையில் அவளிடம் சொன்னீர்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு, சார். கண்ணும் முன்ன மாதிரி இல்ல. ஒண்ணுல மருந்து போட மறந்திருப்பாரு. அவர எதுவும் கேக்காதீங்க, பாவம்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "மறந்துட்டீங்களா, பெரியவரே?" என்றீர்கள். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். உனக்கு நான் கண், எனக்கு நீ கண், ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு இருக்கே, போதும்ப்பா என்று அந்த வலியிலும் கேலி செய்தாள். அவளுடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலைச் சன்னல் பக்கத்திலிருந்து சுவர்ப் பக்கம் நகர்த்தினேன், காற்றடிக்காமல் இருக்க. கதவுக்குப் புதுக்கீலும் போட்டேன்.

பிறகு நீங்கள் மற்ற நான்கையும் பிரித்தீர்கள். அதை அவளிடமும் சொல்லிவிட்டீர்கள். மறுநாள் சூப் எடுத்துக்கொண்டு போனால் படுக்கை காலி. எங்கே போனாள் என்று நர்ஸ் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட எனக்கு எழுதி வைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். வேறு வேலை இல்லாததால் நிறைய யோசித்தேன். அவள் ஏன் போனாள் என்று எனக்குப் புரிகிறது. ஒன்றில் மறந்தால் வயசு என்று விடலாம். ஐந்திலும் மறந்தவனோடு யார் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்? அடுப்பை அணைக்க மறப்பான், கதவைப் பூட்ட மறப்பான். அப்பனுக்குப் புத்தி கலங்கிவிட்டது, இனி அவனை நம்ப முடியாது என்று பயந்துவிட்டாள். அந்தப் பயம் நியாயம்தான். அதனால்தான் நேற்று நானாகவே உங்கள் காவல் நிலைய வாசலில் வந்து நின்றேன். மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிடுங்கள். நான் மறக்கவில்லை. ஐந்து கூட்டையும் விளக்குப் பிடித்துப் பார்த்து, காலி என்று தெரிந்தே குண்டைச் செருகினேன். கெண்டல் வருவான் என்றும் தெரியும். எனக்கு எத்தனை வருஷம் கொடுத்தாலும் சரி, வாதாட மாட்டேன்.

இதை அவளிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அப்பாவின் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, கை நடுங்கவில்லை, கண் நன்றாகத் தெரிகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், திரும்பி வந்துவிடுவாள். உங்களுக்கு அது சிரமம் என்றால் அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன். இந்தத் தடவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.